லேப்டாப்புக்கு ஒரு மெத்தை

லேப்டாப்புக்கு மெத்தை தைத்துப் போட்ட மனிதர் ஒருவரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். என் சலூனுக்கு நேர் எதிர்க் கடைக்காரர். நடுவில் பன்னிரண்டு அடி ரோடு. நான் யாருக்காவது முடி வெட்டிக்கொண்டிருந்தால், கண்ணாடியில் அந்த ஆளின் முகத்துக்குப் பின்னால் எப்போதும் மெத்தைக் கடை தெரியும். அதனால் அந்த வீட்டில் நடப்பதெல்லாம் எனக்கு இடம் வலம் மாறித்தான் தெரியும். ஆனால் எதுவும் தெரியாமல் போகாது.

மெத்தைக்காரரை நான் அண்ணன் என்பேன், அவர் சம்சாரத்தை அண்ணி என்பேன். முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் ஒரு துணித் திரை. கடையின் மூலையில் பஞ்சு அரைக்கும் மெஷின். அது ஓட ஆரம்பித்தால் கடைக்குள் யார் நிற்கிறார்கள் என்றே தெரியாது. பஞ்சுத் தூசிக்குத் திரையாவது ஒன்றாவது! சாப்பிடும் தட்டில் இருக்கும், பல்பில் இருக்கும், அண்ணியின் புருவத்தில் இருக்கும். அண்ணனின் மீசை கறுப்பா நரையா என்று, மாதம் ஒருமுறை அதைக் கத்தரிக்கிற எனக்கே நிச்சயமில்லை.

அவர்களுக்கு ஒரே மகள், இருபத்தாறு வயது. பிறந்த நாளிலிருந்து தும்மல். ஒரு தும்மல் என்றால் ஒன்றோடு நிற்காது, ஏழு எட்டு வரிசையாக வரும். தெருவில் அவளுக்கு ஹச்சு என்றே பெயர் விழுந்துவிட்டது. அவளைப் பெற்றவர்களே பாதி நேரம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். மூன்று வருஷமாக அந்தத் தும்மல் இளைப்பாகிவிட்டது. மெத்தை உறை தைக்க உட்கார்ந்தால் நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்கும். பஞ்சுத் தூசிதான் காரணம், அந்த வேலையிலிருந்து பெண்ணை வெளியே கொண்டுவாருங்கள் என்று டாக்டர் சொன்னார்.

"பஞ்சு யாரை என்ன பண்ணிச்சு?" என்று அண்ணன் என் கடைக்கு வந்து பொரிந்து தள்ளினார். "அந்த டாக்டர் கிளினிக்ல கட்டில் பார்த்தியா தம்பி? ஸ்பாஞ்சு மெத்தை! அவருக்குப் பஞ்சைப் பத்தி என்ன தெரியும்?"

அப்பாவிடம் பேசிப் பயனில்லை என்று ஹச்சு தானே ஒரு வழி தேடிக்கொண்டாள். ஒரு கப்பல் சரக்குக் கம்பெனி ஆபீசில் வேலை. கண்ணாடிக் கட்டடம், ஏசி, தூசி தும்பு கிடையாது. இரண்டு பரீட்சை தேறிவிட்டாள். மூன்றாவதுதான் கடைசி. சனிக்கிழமை காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை, வீட்டிலேயே, மூடிய அறையில் தனியாக உட்கார்ந்து லேப்டாப்பில் எழுத வேண்டும். கேமரா அவளையே பார்த்துக்கொண்டிருக்கும். பதிவு செய்த லேப்டாப்பைத் தவிர வேறு எதிலும் எழுத முடியாது. நடுவில் அது அணைந்தால் பரீட்சையும் அதோடு முடிந்தது, மறுபடி கிடையாது.

அந்த லேப்டாப்தான் நாற்பது நிமிஷத்துக்கு ஒரு தரம் அணைந்துகொண்டிருந்தது. எட்டு மாதத்துக்கு முன் அவள் மாமா, அதாவது அண்ணியின் தம்பி, தான் வைத்திருந்ததைச் சுத்தம் செய்து கொடுத்தது. கொடுத்தபோது நன்றாகத்தான் ஓடியது.

பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போதுதான் அண்ணன் அதைத் தொட்டுப் பார்த்தார். நல்ல கோடை. தலைக்கு மேலே தகரக் கூரை வேறு.

"என்ன கண்ணு இப்படிக் கொதிக்குது! முட்டை உடைச்சு ஊத்தினா வெந்துடும் போலிருக்கே?"

"சூடாகுதுப்பா. ரொம்பச் சூடானா தானா அணைஞ்சுடுது."

"ஆகாம என்ன பண்ணும்? நாள் பூரா கட்டை மேஜையில கெடக்குது. உன்னை நாள் பூரா கட்டையில படுன்னா நீ என்ன ஆவ?"

"அப்பா, அது மெஷின்பா."

"மெஷின்னா உடம்பு இல்லையா? என் பஞ்சு மெஷினுக்கே அடியில சாக்கை மடிச்சுப் போட்டிருக்கேன். முப்பது வருஷமா சளைக்காம ஓடுதே, எப்படின்னு நெனச்ச?"

அன்று மத்தியானமே உட்கார்ந்துவிட்டார். இரண்டு சாண் நீளம், ஒன்றரைச் சாண் அகலம், நாலு விரல் கனம். இரண்டு தடவை அரைத்த முதல் தரப் பஞ்சு. நீலக் கட்டம் போட்ட உறை, ஓரமெல்லாம் கைத்தையல், நடுவில் பன்னிரண்டு குஞ்சம். கட்டில் மெத்தைக்குக்கூட அவர் அவ்வளவு மெனக்கெட்டு நான் பார்த்ததில்லை. கடைசியாக ஒரு குட்டித் தலையணையும் தைத்தார். லேப்டாப்புக்கு எது தலை என்று கொஞ்சநேரம் தாடையைச் சொறிந்துகொண்டிருந்துவிட்டு, ஸ்க்ரீன் பக்கம்தான் தலை என்று முடிவு செய்து அங்கே செருகினார்.

லேப்டாப் அதில் பாதி அமுங்கிப் போய்ச் சொகுசாக உட்கார்ந்துகொண்டது. ஹச்சு என்னைப் பார்த்தாள். ஏதாவது சொல்லுங்களேன் சித்தப்பா என்கிற பார்வை. அண்ணனின் விரலில் ஊசி குத்திய இடத்தில் ரத்தம் உலர்ந்திருந்தது.

"ராஜா மாதிரி இருக்குண்ணே" என்றேன். என் நாக்கில் சனி.

நாற்பது நிமிஷம் ஓடியது இருபது நிமிஷமாயிற்று. பஞ்சு பத்தவில்லை என்று அண்ணன் தையலைப் பிரித்து இன்னும் இரண்டு விரல் கனம் ஏற்றினார். பன்னிரண்டு நிமிஷமாயிற்று.

"புது மெத்தை. பழக ரெண்டு நாள் ஆகும்" என்றார். "நமக்கே இடம் மாறினா முதல் நாள் தூக்கம் வருதா?"

நான் என்னவோ யோக்கியன் மாதிரி சொல்லிக்கொண்டு போகிறேன். என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். ஸ்க்ரீன் முழுக்கப் பஞ்சும் விரல் ரேகையுமாக அப்பியிருந்தது. கண்ணாடி துடைப்பதில் இந்தத் தெருவில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்ற திமிர் எனக்கு. கடையிலிருந்து கண்ணாடி துடைக்கிற மருந்தை எடுத்துப் போய், ஸ்க்ரீன் மேலேயே நாலு பீச்சு பீச்சி, பழைய பேப்பரைக் கசக்கி அழுத்தித் தேய்தேய் என்று தேய்த்தேன். காய்ந்ததும் பார்த்தால் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு வெளேரென்று ஒரு மேகம். அந்த இடத்தில் மூன்றும் எட்டும் ஒன்றுபோல் தெரிந்தன.

"பரவால்ல சித்தப்பா. நடுவுல வர்ற கணக்கை மட்டும் ரெண்டு தரம் பார்த்துக்கறேன்" என்றாள் ஹச்சு. நல்ல பெண். அவள் திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அதோடு விட்டேனா? சூட்டைத் தணிக்கிறேன் என்று முடி உலர்த்துகிற ப்ளோயரைக் கொண்டுபோய் அதன் பக்கவாட்டு ஓட்டைக்குள் ஊதினேன். அந்த ப்ளோயரில் குளிர்காற்று பட்டன் வேலை செய்யாமல் போய் நாலு வருஷம் ஆகிறது என்பது ஊதி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அண்ணியாவது சும்மா இருந்தாரா? காய்ச்சல் என்றால் ஈரத்துணி என்று, ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து கீபோர்டு மேல் போடப் போனார். ஹச்சு போட்ட சத்தத்தில் என் கடையில் சவரத்துக்கு உட்கார்ந்திருந்தவர் சோப்பு நுரையோடு எழுந்து நின்றுவிட்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் கம்பெனி ஒரு ஒத்திகைப் பரீட்சை வைத்தது. பதினோராவது நிமிஷம் லேப்டாப் அணைந்தது. அதன் பிறகு உயிரே வரவில்லை. கடையில் பஞ்சு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு விடுதிக்கு நாற்பது மெத்தை, திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டிய ஆர்டர். ஹச்சு திரையை விலக்கிக்கொண்டு வந்து மெஷினை நிறுத்தினாள். அந்த வீட்டில் அண்ணனைத் தவிர யாரும் அந்த சுவிட்சைத் தொட்டதில்லை.

"அப்பா, அந்த மெத்தையை எடுங்க."

"அது பாட்டுக்கு அடியில கெடக்கு. உன்னை என்ன பண்ணுது?"

"அதான்பா எல்லாம் பண்ணுது! அடியில காத்துப் போற ஓட்டை இருக்கு. அதை அமுக்கி மூடிட்டு உக்காந்திருக்கு. முதல் நாளே சொல்லியிருக்கணும். விரல்ல குத்திக்கிட்டு தைச்சீங்களேன்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்!"

"ஏன் கண்ணு, நான் நல்லதுக்குத்தானே..."

"எல்லாத்துக்கும் பஞ்சு! எனக்கும் பஞ்சு, அதுக்கும் பஞ்சு! எங்க ரெண்டு பேரையும் கொஞ்சம் மூச்சு விட விடுங்களேன்பா!"

அதைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவளுக்கு இளைப்பு வந்துவிட்டது. அண்ணி ஓடிவந்து இளைப்புக்கு இழுக்கிற பஃப்பை வாயில் வைத்து முதுகைத் தடவினார். அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு, "இந்தப் பஞ்சுதான் முப்பது வருஷமா சோறு போட்டுச்சு" என்றார். பிறகு குச்சியை எடுத்து, கட்டியாகக் கிடந்த பஞ்சை அடிக்க ஆரம்பித்தார். அவர் அடித்த அடியில் பஞ்சு தெரு வரைக்கும் வந்தது. எனக்கு அன்று அவர் மேல் நிஜமாகவே கோபம். பெண் மூச்சுக்குத் தவிக்கிறாள், இவர் பஞ்சுக்குப் பரிந்து பேசுகிறாரே என்று, போய் நாலு கேள்வி கேட்கக் கிளம்பி, பாதி ரோட்டில் நின்று, திரும்பி வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை கடையைப் பூட்டினேன். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மூன்று பேரையும் பின் தெரு ரிப்பேர்க்காரம்மாவிடம் கூட்டிப் போனேன். நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு வேலை செய்கிற பெண்மணி. அவருக்குச் சிரிக்கத் தெரியும் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அண்ணியும் ஹச்சுவும் ஸ்டூலில் உட்கார்ந்தார்கள். நானும் அண்ணனும் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் மாதிரி நின்றோம்.

"ஸ்க்ரீனை யார் துடைச்சது?" அதுதான் அந்தம்மாவின் முதல் கேள்வி.

நான் கூரையைப் பார்த்தேன்.

"சித்தப்பா" என்றாள் ஹச்சு, மெதுவாக.

"எதை வச்சு?"

"கண்ணாடி துடைக்கிற மருந்தும்மா... பழைய பேப்பர்."

"இது கண்ணாடியா? மேல மெல்லிசா ஒரு பூச்சு இருக்கு. அதைத் தேய்ச்சு எடுத்துட்டீங்க. இனி வராது. அணைச்சு வச்சுட்டு, மெத்துன்னு ஒரு துணியால சும்மா ஒத்தி எடுத்தாப் போதும். கறை போகலைன்னா துணியில ரெண்டு சொட்டுத் தண்ணி. துணியிலதான், ஸ்க்ரீன்ல இல்ல. முகம் துடைக்கிற மாதிரி துடைக்கணும். நீங்க முகத்துலயும் பேப்பரை வச்சுத்தான் தேய்ப்பீங்களா?"

"இல்லம்மா" என்றேன். தொழில் மானமே போயிற்று.

"சூடானதும் என்ன பண்ணீங்க?"

ஈரத்துணி, ப்ளோயர், மெத்தை, தலையணை என்று ஒன்று விடாமல் எல்லாம் வெளியே வந்தது. தலையணை என்றதும் அந்தம்மா நெற்றி விளக்கை அணைத்துவிட்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "எனக்குப் பதினாலு வருஷ சர்வீஸ்" என்றார். மறுபடி விளக்கைப் போட்டுக்கொண்டு திருகுகளைக் கழற்றினார்.

அடிமூடியைத் தூக்கினார். உள்ளே பிஸ்கட் அகலத்துக்கு ஒரு ஃபேன். அது இருக்கும் இடமே தெரியவில்லை. காற்று வெளியே போகிற கம்பிச் சந்தெல்லாம் சாம்பல் நிறத்தில் திட்டுத்திட்டாக அடைத்துக் கிடந்தது. அந்தம்மா சின்ன இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. முழுக்க எடுத்து மேஜையில் போட்டபோது உள்ளங்கை நிறைய இருந்தது.

"பஞ்சு" என்றார் ரிப்பேர்க்காரம்மா.

அண்ணன் குனிந்து பார்த்தார். விரலில் எடுத்து நிமிண்டிப் பார்த்தார். அவர் பஞ்சு அவருக்குத் தெரியாதா? "முதல் தரம்" என்றார், பழக்க தோஷத்தில். பிறகு, "இது எப்படிம்மா உள்ள போச்சு? நான் மெத்தை போட்டு இன்னும் பத்து நாள்கூட ஆகலையே?"

"இது மெத்தைப் பஞ்சு இல்லைங்கய்யா, காத்துல பறக்கிற பஞ்சு. மெத்தை அடி ஓட்டையை அடைச்சுதுன்னா, இது உள்ளேயே அடைச்சுட்டுது. கடைசியா எப்ப சுத்தம் பண்ணினது?"

"எட்டு மாசம் இருக்கும். என் தம்பி சுத்தம் பண்ணித்தான் குடுத்தான்" என்றார் அண்ணி.

"எட்டு மாசத்துல இத்தனையா?" என்றார் அண்ணன். "யாரும் உள்ள வச்சுத் திணிக்கலையே?"

"யாரும் திணிக்க வேண்டாம். ஓடுறவரைக்கும் அது மூச்சு இழுத்துத்தானே ஆகணும்? இழுக்கிற காத்துல என்ன இருக்கோ அது உள்ள போய் உக்காந்துக்கும்."

அண்ணன் நிமிர்ந்தார். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தார். அவள் அந்த நேரம் பார்த்துத் தும்மினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று வழக்கம் போல் ஏழு. ஏழையும் அவர் நின்று கேட்டார். பிறகு மேஜையில் கிடந்த பஞ்சை ஒரு பேப்பரில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். குப்பையை எதற்கு எடுக்கிறார் என்று நான் கேட்கவில்லை.

ஃபேனைத் துடைத்து, சூட்டைக் கடத்துவதற்காக உள்ளே தடவியிருந்த, காய்ந்துபோன பசையைச் சுரண்டிப் புதுப் பசை வைத்து, சாயங்காலம் ரிப்பேர்க்காரம்மா லேப்டாப்பைக் கொடுத்தார். கூடவே சட்டதிட்டமும் கொடுத்தார். மெத்தை, தலையணை, மடி எதுவும் கூடாது. கெட்டியான பலகை மேல் வைக்க வேண்டும். அடியில் இரண்டு விரல் சந்து வேண்டும். ஓடும்போது மூடிப் பைக்குள் வைக்கக் கூடாது. என்னிடம் ஒரு மெல்லிய துணியைக் கொடுத்து, "இதைத் தவிர வேற எதாலயும் தொட்டீங்கன்னு கேள்விப்பட்டேன்..." என்று பாதியில் நிறுத்தினார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் ரோட்டைத் தாண்டி என் கடைக்கு வந்தார்.

"தம்பி, உன் கடையில இடம் இருக்குமா?"

பரீட்சை எழுதத்தான் கேட்கிறார் என்று நினைத்து எனக்குப் பெருமை தாங்கவில்லை. "தாராளமா இருக்குண்ணே. சுழல் நாற்காலி இருக்கு, கண்ணாடி இருக்கு, வெளிச்சம் இருக்கு."

"பஞ்சு மூட்டைக்குக் கேட்டேன்."

பதினேழு மூட்டை. அவரும் நானும் தூக்கினோம். என் கடையில் நாற்காலி வரைக்கும் அடைத்தாயிற்று. மெஷினுக்குச் சாக்கைப் போட்டுக் கட்டினார். பிறகு வீட்டுக்குள் போய்க் கூரை, சுவர், பல்பு, ஜன்னல் கம்பி என்று ஈரத்துணியால் துடைக்க ஆரம்பித்தார். திரையைக் கழற்றித் தோய்த்தார். அண்ணி பக்கத்தில் நின்று, "இருபத்தெட்டு வருஷத்துல இந்த மனுஷன் கையில துடைக்கிற துணியை நான் பார்த்ததே இல்ல" என்று என்னிடம் சொன்னார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

துணி வெட்டுகிற பலகையை மேஜை மேல் போட்டு, தீர்ந்துபோன நூல் கட்டைகள் நான்கை ஒரே உயரத்துக்கு அறுத்து மூலைக்கு ஒன்றாக வைத்து, அதன் மேல் லேப்டாப்பை ஏற்றினார். அடியில் இரண்டு விரலை விட்டு அளந்து பார்த்தார். நீலக் கட்டம் போட்ட மெத்தையை எங்கே கொண்டுபோனாரோ தெரியாது.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஹச்சு வாசல் கதவைச் சாத்திக்கொண்டாள். நாங்கள் மூன்று பேரும் வாசலில், விடுதி ஆர்டரில் தைத்து முடித்த மெத்தை ஒன்றின் மேல் உட்கார்ந்தோம். தெருவில் ஹார்ன் அடித்தவனை அண்ணி பார்த்த பார்வையில் அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டே போனான். பதினோரு நிமிஷம் தாண்டியது. இருபது தாண்டியது. நாற்பதாவது நிமிஷம் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே கீபோர்டு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

பதினொன்றரைக்கு விடுதி மேனேஜரிடமிருந்து போன். அண்ணன் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு கிசுகிசுத்தார்.

"இன்னிக்கு மெஷின் ஓடாதுங்க... திங்கட்கிழமை முடியாது, புதன்தான்... பிள்ளைங்க எதுல படுக்கிறதா? தரையில படுக்கச் சொல்லுங்க. ரெண்டு நாள் தரையில படுத்தா யாரும் செத்துட மாட்டாங்க!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வாயிலிருந்து அந்த வார்த்தையா! போனை வைத்துவிட்டு அண்ணன் கதவுப் பக்கமே காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். கீபோர்டு சத்தத்தைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன்.

ஒரு மணி அடித்து இரண்டு நிமிஷத்தில் கதவு திறந்தது. ஹச்சுவின் முகம் வியர்த்திருந்தது. "முடிச்சுட்டேன். ஒரு தரம்கூட அணையலை" என்றாள். அண்ணி அவளைக் கட்டிக்கொண்டார். எப்படி எழுதினாய் என்று நான் கேட்கப் போனேன். அண்ணன் முந்திக்கொண்டார்.

"நீ தும்மவே இல்ல."

"என்னப்பா?"

"மூணு மணி நேரம். எண்ணிட்டே இருந்தேன். ஒண்ணுகூட இல்ல."

ஹச்சு யோசித்தாள். அவளுக்கே அப்போதுதான் உறைத்தது. அண்ணன் சட்டைப் பையிலிருந்து பேப்பர் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, அந்தச் சாம்பல் பஞ்சை அவளிடம் நீட்டினார்.

"எட்டு மாசத்துக்கு இது, கண்ணு. இருபத்தாறு வருஷத்துக்கு உனக்குள்ள..."

முப்பது வருஷமாக மூட்டை தூக்கிய மனிதர், அந்த ஒரு பிடிப் பஞ்சைத் தாங்க முடியாமல் மெத்தை மேல் உட்கார்ந்துவிட்டார்.

ஹச்சு அவர் பக்கத்தில் உட்கார்ந்து பொட்டலத்தை மடித்தாள். "அப்பா, அந்த லேப்டாப்புக்குத் தும்மத் தெரியாதுப்பா. எனக்குத் தெரியும். அப்பப்ப வெளிய தள்ளிட்டுத்தானே இருந்தேன்? இவ்வளவு நாள் வேற என்ன வேலை பார்த்தேன்?"

அண்ணன் அழுதுகொண்டே சிரித்தார். நானும்தான், எனக்கென்ன வெட்கம். சிரித்து மூச்சை இழுத்தேனோ இல்லையோ, மூக்குக்குள் என்னவோ செய்தது. பதினேழு மூட்டைக்கு நடுவில் காலையில் பத்து மணிக்குள்ளேயே நாலு பேருக்குச் சவரம் செய்தவன் நான். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆரம்பித்தது. தெருவில் எல்லோரும் பழக்கத்தில் ஹச்சுவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கையை விரித்து என்னைக் காட்டினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை வேலைக் கடிதம் வந்தது. அதற்கு முன்பே அண்ணன் தெருக்கோடியில் ஒரு கொட்டகை பார்த்து மெஷினை அங்கே மாற்றிவிட்டார். மூட்டைகளை மட்டும் இன்னும் என் கடையிலிருந்து எடுத்த பாடில்லை. ஹச்சு தினமும் காலையில் லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போகிறாள். தெருவில் இப்போது ஹச்சு என்று யாராவது கூப்பிட்டால் அவள் திரும்புவதில்லை. நான்தான் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்க்கிறேன்.